கே என்று எழுதிய புட்டி

சின்னக்குழந்தைக்கு ஐம்பத்தொரு வயது. ஜமுனாமரத்தூரில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக ஆய்வக உதவியாளராக இருக்கிறாள். கீழேயிருந்து ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பதிவேட்டில் அவள் பெயரைப் படித்ததும் தலையை நிமிர்த்திப் பார்ப்பார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

"இன்னாம்மா, இன்னுமா சின்னக்குழந்தை?"

"பேரு வச்சவங்க ரெண்டு பேரும் போய்ட்டாங்க சார். மாத்தச் சொல்லி யார்கிட்ட கேக்கறது?"

அவர் அதன்பிறகு குடுவைகளை எண்ணுவதோடு நிறுத்திக்கொண்டார்.

பத்தாவது வரைதான் அவள் படிப்பு. ஆனால் மலைக்கு வருகிற வேதியியல் ஆசிரியர்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே மாறுதலுக்கு எழுதிப்போடுகிறவர்கள். இந்த இருபத்திரண்டு வருடத்தில் பதினொரு பேர் வந்து போனார்கள். பதினொரு பேரும் வந்த புதிதில் பிள்ளைகளுக்கு ஒரே வித்தையைத்தான் காட்டினார்கள். மண்ணெண்ணெயில் ஊறும் சோடியத்தை இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, கத்தியால் பட்டாணி அளவு அறுப்பார்கள். உலோகம் என்று பெயர்தான். ஆறிப்போன களியை அறுப்பதுபோல் கத்தி இறங்கும். அறுத்த முகம் புது வெள்ளிபோல் மின்னும். பிள்ளைகள் "ஆ" என்று வாய் திறப்பதற்குள் அந்த மினுமினுப்பு மங்கிச் சாம்பல் பூத்துவிடும். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் முழுகாது. உருண்டு திரண்டு, சீறிக்கொண்டு, கரைக்குக் கரை ஓடும். ஓடி முடித்த தண்ணீரில் சிவப்பு லிட்மஸ் நீலமாகும். விரலை விட்டால் சோப்புபோல் வழுக்கும். வழுக்குகிறது என்று தேய்த்தால் தோல் உரியும்.

அந்தப் பதினொரு முறையும் சின்னக்குழந்தை மணல் வாளியோடு பின்னால் நின்றாள். ஆசிரியர்களின் கண் பிள்ளைகள் மேல் இருக்கும். அவள் கண் தொட்டியை விட்டு நகராது.

சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது. முதல் பத்தியில் மேலேயிருந்து கீழே லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம் என்று போகும். கீழே போகப் போக வேகம் கூடும் என்று ஓர் ஆசிரியை சொன்னபோது, கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, "அப்ப நம்ம காட் ரோடு மாதிரிதான் மிஸ். மேல இருக்கறது சாது, எறங்க எறங்க ரவுடி" என்றாள். வகுப்பே சிரித்தது. வாளியைப் பிடித்திருந்தவளும் சிரித்தாள். லித்தியம் சாதுதான், அவள் பார்த்திருக்கிறாள். தண்ணீரில் சோம்பேறியாக நுரைத்துவிட்டுப் போகும். சோடியம் சீறும். பொட்டாசியத்தை ஒரே ஒரு முறைதான் பார்த்தாள். கடுகளவுதான் இருக்கும். தண்ணீரைத் தொட்ட அதே கணத்தில் கத்திரிப்பூ நிறத்தில் தீப்பிடித்துச் சுற்றியது, கடைசியில் 'பட்' என்று தெறித்தது. ஆசிரியையின் மூக்குக் கண்ணாடியில் ஒரு புள்ளி விழுந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் அது எங்கே விழுந்திருக்கும் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பின் அந்தப் புட்டியை யாரும் திறக்கவில்லை.

சோடியமாவது வருடா வருடம் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைக்குத் தேவைப்பட்டுத் தீர்ந்துகொண்டிருந்தது. பொட்டாசியத்துக்கு எந்தச் சோதனையிலும் வேலை இல்லை. எந்தக் காலத்தில் யார் வாங்கியது என்றும் தெரியாது. புட்டியின் அடியில் ஏழு துண்டுகள், ஒவ்வொன்றும் புளியங்கொட்டை ரெண்டு சேர்த்த அளவு. மூன்று வருடத்துக்கு முன் அந்தத் துண்டுகளின் மேல் வெள்ளை ஏறியது. அதற்கடுத்த மழைக்கு, வெள்ளையின் ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. தலைமையாசிரியரிடம் சொன்னாள். அவர் மாறிப்போனதும் அடுத்தவரிடம் சொன்னாள். மூன்றாமவரிடம் எழுதியே கொடுத்தாள். அடுத்த ஆய்வின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் குடுவைகளை எண்ணினார்கள்.

போன வருடம் அந்தப் பழைய புட்டியின் மூடி துருப்பிடித்து உடைந்தது. சத்துமாவு வந்த வாய் அகன்ற கண்ணாடிப் புட்டி ஒன்றைக் கழுவி, வெயிலில் மூன்று நாள் காயவைத்து, ஏழு துண்டுகளையும் அதில் மாற்றி, மண்ணெண்ணெயை ஊற்றி மூழ்கடித்தாள். ரேஷனில் மண்ணெண்ணெய் நின்றுபோய் நாளாகிவிட்டதால், கடையில் வேலைபார்க்கும் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிய எண்ணெய் அது. பழைய புட்டியிலிருந்த, மண்டையோடு போட்ட சிவப்புக் காகிதம் ஈரத்தில் பிய்ந்து வந்துவிட்டது. பிளாஸ்திரித் துண்டொன்றை ஒட்டி, ஆசிரியர்கள் பலகையில் எழுதுகிற மாதிரியே ஓர் ஆங்கில எழுத்தை மட்டும் எழுதினாள். கே. ஆய்வகத்தில் கே என்றால் பொட்டாசியம். அவளுக்கு அதைத்தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

இனி அவளுடைய தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அமுதவல்லி அவளுக்கு எட்டு வயது இளையவள். பள்ளிக் காவலர் சிங்காரத்தின் மனைவி. ஆறு கிலோமீட்டர் தள்ளி ஆலங்கொட்டாயில் வீடு. சின்னக்குழந்தைக்குப் பிள்ளை இல்லை. புருஷனும் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். தங்கை மகள் தமிழரசியைத்தான் தூக்கி வளர்த்தாள். மூன்று வருடத்துக்கு முன், பதினாறு முடியாத தமிழரசிக்குத் தை மாதத்தில் தாலி கட்ட நாள் குறித்தார்கள். அந்தப் பெண் ஆய்வகத்துக்கு வந்து, ஒன்றும் பேசாமல், சுத்தமாக இருந்த சோதனைக் குழாய்களையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். மறுநாள் சின்னக்குழந்தை பள்ளித் தொலைபேசியில் குழந்தைகள் உதவி எண்ணான பத்து ஒன்பது எட்டுக்குப் பேசினாள். ஜீப் வந்தது. பந்தல்கால் நட்ட வீட்டில், வந்திருந்த சொந்தங்களுக்கு எதிரில், பதினெட்டு முடியும்வரை கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை என்று அமுதவல்லி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

தமிழரசி இப்போது ஆரணியில் நர்ஸ் படிப்பில் இருக்கிறாள். அம்மாவோடு தினமும் பேசுகிறாள். ஆனால் அமுதவல்லி அக்காவோடு பேசுவதில்லை. அவள் இருக்கும் இடத்தில் நிற்பதுமில்லை. "அவ வாயத் தொறந்தா எங்க வூட்ல நெருப்பு வுழும்" என்று ஊரில் சொல்லியிருந்தாள். சந்தையில் எதிரே கண்டால் முதுகைக் காட்டுவாள். சின்னக்குழந்தை கூப்பிட்டால், கூப்பிட்டது காற்று என்பதுபோல் போய்க்கொண்டிருப்பாள்.

இருவருக்கும் நடுவில் ஒரு நூல்மட்டும் அறாமல் இருந்தது. அது அமுதவல்லிக்குத் தெரியாது. ஐப்பசி மழையில் ஆலங்கொட்டாய் ஓடைத் தண்ணீர் செம்மண்ணாக ஓடும். படிகாரத்தைத் துணியில் முடிந்து குடத்தில் நாலு சுற்றுச் சுற்றினால்தான் குடிக்கத் தெளியும். சின்னக்குழந்தை வருடா வருடம் மழை தொடங்கும்போது படிகாரத்தை வாங்கிப் பொட்டலம் கட்டி, சிங்காரம் இருக்கும் இடத்தில் வைப்பாள். யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. "இத பாத்துக்கோ சிங்காரம்" என்பாள், அவ்வளவுதான். சிங்காரம் அதை வீட்டுக்கு எடுத்துப் போய், பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்கள் என்று மனைவியிடம் நீட்டுவான். அவனும் அதற்குமேல் எதுவும் கேட்டதில்லை.

இந்த வருடம் மழை பத்து நாள் முந்திக்கொண்டது. ஆய்வகக் கூரை ஒழுகத் தொடங்கியதால், எல்லாவற்றையும் புதுக் கட்டடத்துக்கு மாற்றச் சொன்னார்கள். சனிக்கிழமை மாலைவரை சின்னக்குழந்தை கண்ணாடிகளைச் சுமந்தாள். அமிலங்களை ஒரு பக்கம், உப்புகளை ஒரு பக்கம் வைத்தாள். சோடியத்தை ஒன்பது மணிக்கே கொண்டுபோய்ப் பூட்டிவிட்டாள். பொட்டாசியப் புட்டியைக் கடைசியாக, கைக்கு வேறு எந்த வேலையும் இல்லாதபோது எடுத்துப்போகலாம் என்று விட்டுவைத்தாள். அதற்குள் புது அறைச் சாவியை எடுத்துக்கொண்டு எழுத்தர் போளூர் பஸ் ஏறிவிட்டார். பழைய அறையில் தண்ணீர் சொட்டியது. சொட்டுகிற அறையில் அதை எப்படி வைப்பது? வராந்தாவில் மழை படாத ஜன்னல் மேடையில் வைத்து, மேலே ஒரு கூடையைக் கவிழ்த்தாள். மணியடிக்கும் இடத்தில் நின்ற சிங்காரத்திடம் போனாள்.

"அந்தக் கூடைக்கி அடியில ஒரு புட்டி கீது. பாத்துக்கோ சிங்காரம்."

அவன் தலையாட்டினான்.

திங்கட்கிழமை காலை எட்டேமுக்காலுக்குக் கூடை கவிழ்ந்தபடி இருந்தது. அடியில் ஒன்றுமில்லை.

சிங்காரம் சந்தை ரோட்டு டீக்கடையில் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான். புட்டி எங்கே என்று கேட்டதும் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ரகசியத்தைப் பகிர்ந்துகொண்டவனின் சிரிப்பு.

"நேத்து சாய்ந்தரமே வூட்ல குட்த்துட்டேங்க்கா. இந்த வருசம் கே ஆயிலும் சேத்துக் குட்த்துட்டியே. வெறகு ஈரமாப் போயி ரெண்டு நாளா அவ ஊதி ஊதிக் கண்ணு செவந்து கெடந்தா."

சின்னக்குழந்தைக்கு ஒரு கணம் அவன் சொல்வது புரியவில்லை. ரேஷன் கடைப் பலகையில் இத்தனை வருடம் மண்ணெண்ணெய்க்குக் கே ஆயில் என்று எழுதியிருந்தது அதன்பிறகுதான் கண்முன் வந்தது. வாசனையும் அதே வாசனை.

"உள்ள இருந்தத இன்னா பண்ண?" என்றாள்.

"படிகாரம்தான? நீ எண்ணெயில போட்டு வச்சிருந்தா இன்னா, தொடச்சிட்டா போவுதுன்னு சொல்லிட்டு வந்தேன். இன்னிக்கு ஓடத் தண்ணி எடுத்தாந்ததும் போடறேன்னா."

டீக்கடைக்காரர் சில்லறையை நீட்டிக்கொண்டிருந்தார். சின்னக்குழந்தை கடைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அமுதவல்லி பத்து மணிக்கு மேல்தான் ஓடைக்குப் போவாள். ஆடுகளை அவிழ்த்துவிட்டு, வாசல் பெருக்கி, பாத்திரம் கழுவிய பிறகு. மணி ஒன்பது. வீட்டில் இருக்கும் ஒரே போன் சிங்காரத்தின் சட்டைப் பையில் இருந்தது. அது கையில் இருந்தாலும் ஆலங்கொட்டாயில் சிக்னல் கிடையாது.

அவள் பள்ளிக்கு ஓடினாள். இடுக்கி, வடிதாள் கட்டு, வார் அறுந்த பாதுகாப்புக் கண்ணாடி, உலர்ந்த மணல் நிரப்பிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ், ஒரு வெற்று டிபன் பாக்ஸ், குடை. எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டாள். வேதியியல் ஆசிரியர் பாண்டுரங்கன், கண்ணமங்கலத்துக்காரர், வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார். அவள் நாலே வாக்கியத்தில் சொன்னாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"மேல என்ன நெறம்?" என்றார், வண்டியை உதைத்துக்கொண்டே.

"வெள்ள. ஓரத்துல மஞ்சள் சார்."

அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். வண்டி ஓடை மதகுவரை வந்தது. மதகின்மேல் தண்ணீர் முழங்கால் அளவு ஓடியது, பைக் போகாது. போகும் வழியில் காற்றுக்கு எதிராகக் கத்திக் கத்தி அவர் சொன்னது ஒன்றுதான். மஞ்சள் ஏறியதைக் கத்தியால் சுரண்டினால் தண்ணீர்கூட வேண்டாம், எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். அவளுக்குத் தங்கையின் கை நினைவுக்கு வந்தது. எதையும் சுரண்டாமல், தேய்க்காமல், துடைக்காமல் விடாத கை. அடிபிடித்த சட்டியைக்கூட அன்றைக்கே சாம்பல் போட்டு வெளுக்கவைத்துவிட்டுத்தான் படுப்பாள்.

பாண்டுரங்கனை நூற்றெட்டு ஆம்புலன்சுக்குப் பேசச்சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதகைக் கடந்தாள். அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம். மழை விட்டிருந்தது. மேகம் மட்டும் சாமைக் கொல்லைகளின் மேல் இறங்கி வந்து நின்றது. ஒற்றையடிப் பாதையில் செம்மண் வழுக்கியது. எதிரே இரண்டு பெண்கள் தலையில் குடத்தோடு வந்தார்கள். குடத்து விளிம்பில் தண்ணீர் காவி நிறத்தில் தளும்பியது. அமுதவல்லியைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். "எங்களுக்கு முன்ன மொண்டுகினு போய்ட்டாளே" என்றார்கள். சின்னக்குழந்தை செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள்.

ஓடும்போது அவளுக்கு ஒரு கணக்கு மனதில் ஓடியது, வேண்டாம் என்றாலும் நிற்கவில்லை. அன்றைக்கு ஆசிரியை போட்டது கடுகளவு. இந்தத் துண்டு கடுகைப்போல் எத்தனை மடங்கு?

மேட்டைத் தாண்டியதும் வீடு தெரிந்தது. ஓட்டு வீடு, முன்னால் வாசல், ஒரு பக்கம் ஆட்டுப்பட்டி, இன்னொரு பக்கம் சாமைத்தாள் போர். வாசல் நடுவில் பச்சை நிறப் பிளாஸ்டிக் குடம். அமுதவல்லி அதன் முன் குந்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு முறத்தில் வெளிறிய துண்டுகள் கிடந்தன. புட்டி காலியாகத் திண்டின் மேல் கவிழ்ந்திருந்தது. அவள் பழைய புடவைக் கிழிசலில் எதையோ வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அமுதா, தண்ணியில போடாத" என்று சின்னக்குழந்தை கத்தினாள்.

குரல் கேட்டது. கேட்டதென்பது தோளின் அசைவிலேயே தெரிந்தது. முடிச்சுப் போட்ட கை ஒரு கணம் நின்றது. பின் அமுதவல்லி, குந்தியிருந்தபடியே, மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு.

"அது படிகாரம் இல்ல. நான் சொல்றத கேளு, அமுதா, கீழ வை" என்று கத்திக்கொண்டே சின்னக்குழந்தை சரிவில் இறங்கினாள். முப்பதடி. இருபதடி. இந்த வாசலில் கால் வைத்து மூன்று வருடமாகிறது. தங்கையின் வலது முழங்கை உயர்ந்து குடத்துக்குள் இறங்குவதைப் பார்த்தாள்.

துணி நனைய இரண்டு நொடி பிடித்தது.

சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கல்குவாரியில் வெடி வைப்பதுபோல் இருந்தது. கத்திரிப்பூ நிறத்தில் ஒரு நாக்கு எழுந்து மறைந்தது. குடம் வாய் பிளந்து சாய்ந்தது. கோழிகள் கூரைக்குப் பறந்தன. முறம் கவிழ்ந்து எங்கோ போனது. அமுதவல்லி மல்லாந்து கிடந்தாள். ஒரு பக்கத்து முகம் நனைந்திருந்தது, இடது கண்ணை மூடித் திறந்து மூடினாள். வலது முன்கையில் கருகிய துணித் துணுக்குகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் மூன்று நான்கு புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு வடிவு ஓடிவந்தாள். அவள் மகன் ரஞ்சித் பின்னாலேயே வந்தான்.

"தண்ணி ஊத்துக்கா" என்றாள் அமுதவல்லி. மூன்று வருடத்தில் முதல் வார்த்தை. "எரியுதுக்கா. தண்ணி ஊத்து."

வடிவு ஏற்கெனவே ஒரு சொம்பை உயர்த்திவிட்டாள். சின்னக்குழந்தை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குள் இருபத்திரண்டு வருடம் மணல் வாளியோடு நின்றவள் ஒருத்தி இருந்தாள், அவள்தான் பேசினாள். கண்ணில் பட்டது சுண்ணாம்புத் தண்ணீரைவிடக் கொடிய காரம், அதற்கு இந்த நிமிடமே தண்ணீர் வேண்டும். கையில் இருப்பது இன்னும் உலோகம், அதன்மேல் ஒரு சொட்டு விழக்கூடாது. தங்கையை இடது பக்கமாக ஒருக்களித்துத் திருப்பினாள். வலது கையைத் தூக்கிப் பின்னால் நீட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கண்ணுக்கு மட்டும் ஊத்து வடிவு. எமைய விரிச்சுப் புடிச்சி, நிறுத்தாம ஊத்து. இந்தப் பக்கம் ஒரு சொட்டு வரக்கூடாது."

வடிவு ஊற்றினாள். சின்னக்குழந்தை இடுக்கியை எடுத்தாள். முதல் புள்ளியைப் பிடுங்கி மணலில் போட்டாள். அமுதவல்லி திமிறினாள். ரஞ்சித் தோளை அழுத்திப் பிடித்தான். இரண்டாவது, தோலோடு வந்தது.

"கைக்கும் ஊத்துக்கா, உன் கால்ல வுழறேன்."

"இன்னும் ரெண்டு கீது. இரு."

"கொல்றியே. என்னக் கொல்றியே."

சின்னக்குழந்தை இடுக்கியை இறுக்கிப் பிடித்தாள். கை நடுங்கினால் இடுக்கி நழுவும். மூன்றாவது வந்தது. நான்காவது ஆழமாக இருந்தது. இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை வந்தது. உலர்ந்த வடிதாளால் ஒற்றிப் பார்த்தாள். வேறெங்கும் புகை இல்லை. அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

"இப்ப ஊத்து. இருக்கற தண்ணியெல்லாம் ஊத்து. கொடம் கொடமா ஊத்து."

ஊரிலிருந்த எட்டுக் குடமும் அந்தக் கைக்கும் கண்ணுக்கும் போயின. செம்மண் தண்ணீர்தான், தெளியாதது. கால் மணி நேரம் ஊற்றினார்கள். பிறகு ரஞ்சித் பைக்கைக் கிளப்பினான். ஆலங்கொட்டாயிலிருந்து மதகு வரை பைக்தான். நடுவில் நோயாளி, பின்னால் பிடித்துக்கொள்ள ஓர் ஆள், அவ்வளவுதான் இடம். மதகுக்கு அந்தப் பக்கம் நூற்றெட்டு வந்து நிற்கும்.

"நீ ஏறு பெரிம்மா" என்றான் ரஞ்சித்.

சின்னக்குழந்தை ஓர் அடி எடுத்து வைத்தாள். பின் வாசலைப் பார்த்தாள். கவிழ்ந்த முறம் ஆட்டுப்பட்டிக்கு அருகே கிடந்தது. துண்டுகள் எங்கெங்கோ சிதறியிருந்தன. கூரையிலிருந்து இறங்கிய கோழி ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. சாமைக் கொல்லையின் மேல் நின்ற மேகம் இப்போது வீட்டின் மேல் இருந்தது. இந்த வாசலில் என்ன கிடக்கிறது என்று அறிந்தவர் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

"வடிவு, நீ ஏறு" என்றாள். "வழி முழுக்க கண்ணுக்கு ஊத்திக்கினே போ. நான் இத எடுத்துட்டு வர்றேன்."

அமுதவல்லியின் கண்கள் ஈரத்துணிக்கு அடியில் மூடியிருந்தன. தலை ரஞ்சித்தின் முதுகில் சாய்ந்திருந்தது.

"அவ வர மாட்டா" என்றாள், வடிவிடம் சொல்வதுபோல். "அவளுக்கு வேல கீது."

பைக் சரிவில் இறங்கி மறைந்தது.

ஏழில் ஒன்று குடத்தில் போயிற்று. மீதி ஆறு. பட்டியில் இன்னும் கட்டியிருந்த ஆடுகளை அவிழ்த்துக் கொல்லைக்கு ஓட்டினாள். கோழிகளைக் கூடையில் அடைத்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களை எதிர்வீட்டுக்கு அப்பால் போகச் சொன்னாள்; ஏன் என்று கேட்டவர்களுக்கு உடைந்த குடத்தைக் காட்டினாள். அறுந்த வாரை முடிந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, அடிக்கு அடி மண்ணைப் பார்த்தபடி நடந்தாள். முறத்தடியில் இரண்டு. ஈரம் பட்டு ஒரு முனை நுரைக்கத் தொடங்கியிருந்த ஒன்று படிக்கல் ஓரத்தில். ஆட்டுப்பட்டி வாசலில் ஒன்று. துளசிச் செடிக்குக் கீழே ஒன்று. அமுதவல்லி சிந்தாமல் கேனில் ஊற்றி வைத்திருந்த மண்ணெண்ணெயை வெற்று டிபன் பாக்ஸில் ஊற்றி, ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினாள். ஐந்து.

ஆறாவதைக் காணவில்லை. அரைமணி நேரம் தேடினாள். துடைப்பத்தால் தொடவும் பயம். கோழி கிளறிய இடத்தைக் குச்சியால் மெல்லத் தள்ளிப் பார்த்தாள். பிறகு முதல் தூறல் அவள் கழுத்தில் விழுந்தது.

மணல் பாக்ஸை எடுத்துக்கொண்டு நிலைப்படியில் ஏறி நின்றாள். மழை வாசலைப் புள்ளி புள்ளியாகக் கறுப்பாக்கியது. புள்ளிகள் சேர்ந்தன. ஓடுகளிலிருந்து நீர் கயிறாக இறங்கியது. அவள் கண்ணிமைக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் தொட்டியைப் பார்த்ததுபோல்.

சாமைத்தாள் போரின் அடியில் அது எழுந்தது. கத்திரிப்பூ நிறம், ஒரு கை உயரம். அவள் ஓடிப்போய் மணலைக் கொட்டினாள். மணலுக்கு அடியிலிருந்து ஒரு சீறல் வந்தது, மறுபடி வந்தது, பிறகு நின்றது. போரின் ஓரத்துத் தாள்கள் நாலைந்து கருகியிருந்தன. மற்றவை நனைந்திருந்ததால் பிடிக்கவில்லை. அவள் இன்னொரு கால் மணி நேரம் அங்கேயே நின்றாள்.

மதகுக்கு வந்தபோது மணி இரண்டரை. தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது. அந்தப் பக்கம் ஏறியதும் அவள் போனில் சிக்னல் வந்தது; பாண்டுரங்கனைக் கூப்பிட்டாள். பாண்டுரங்கன் குரல் தாழ்ந்து ஒலித்தது. கை ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், வண்டி மலை இறங்கிக்கொண்டிருக்கிறது. தமிழரசிக்குச் சொல்லியாகிவிட்டது, அவள் ஆரணியிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். சிங்காரம் கூடவே போயிருக்கிறான்.

"அவன் இன்னா சொன்னான் சார்?" என்றாள்.

"படிகாரம் யார் குடுத்ததுன்னு உங்க தங்கச்சி கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம். சொல்லிட்டேன்னான்."

"எதச் சொன்னான்? இந்த வருசத்ததா, எல்லா வருசத்ததுமா?"

அவருக்குத் தெரியவில்லை.

ரோட்டில் வேலூர் பஸ் திரும்பி வருவது தெரிந்தது. விளக்குப் போட்டிருந்தது, வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்தார்; கண்டக்டர் படிக்கட்டில் இறங்கி நின்று கையை நீட்டினார். பஸ்ஸின் கூரை ஒழுகியது. உள்ளே நாற்பது பேர் ஈரத் துணியோடு, ஈரக் குடையோடு, மடியில் பிள்ளைகளோடு நெருக்கி நின்றிருந்தார்கள். அவள் கையில் டிபன் பாக்ஸ் இருந்தது.

அவள் தலையை ஆட்டினாள். கண்டக்டர் ஏதோ திட்டிவிட்டு விசில் கொடுத்தார். பஸ் கீழே போகும் வளைவில் திரும்பியது.

பள்ளிக்கூடம் நாலரைக் கிலோமீட்டர். அங்கே போய், எழுத்தரிடம் சாவி வாங்கி, இதைப் பூட்டிவிட்டுத்தான் மற்றது. அடுத்த பஸ் ஐந்தேகாலுக்கு. சின்னக்குழந்தை டிபன் பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு, குடையைத் தனக்குப் பிடிக்காமல் அதற்குப் பிடித்தபடி, மழையில் நடக்கத் தொடங்கினாள்.